ஒற்றாடல், முதலாம் எலிசபெத் காலத்து

இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் அரசி முதலாம் எலிசபெத்தை (ஆட்சி: 1558–1603) கத்தோலிக்கச் சதிகளிலிருந்து காக்க அவருடைய அமைச்சர்கள் நடத்திய உளவுப்பணி. இதற்கெனத் தனித் துறை இருக்கவில்லை. அமைச்சர்கள் தத்தம் ஆட்களை வைத்தே நடத்தினர்.

தொடக்கத்தில் வில்லியம் செசில் இதைக் கவனித்தார். 1568இல் ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து காவலில் வைக்கப்பட்டார். 1570இல் போப் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபைவிலக்கம் செய்தார். அதன்பின் மேரியை அரியணையேற்றும் சதிகள் தொடர்ந்தன. ரிடோல்ஃபி சதியில் சிக்கிய நார்ஃபோக் கோமகன் 1572இல் தலை வெட்டப்பட்டார். திரோக்மார்ட்டன் சதி 1583இல் வெளிப்பட்டது.

1573இல் அரசுச் செயலரான பிரான்சிஸ் வால்சிங்கம், அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸில் தூதராக இருந்து புராட்டஸ்டண்டுகளின் படுகொலையைக் கண்டவர். அவர் ஒற்றர்களைப் பற்றி மிகுதியாக அறியக் கிடைப்பது பாபிங்டன் சதியில்தான். 1585 இறுதியில் மேரி சார்ட்லி மாளிகைக்கு மாற்றப்பட்டார். கில்பர்ட் கிஃபோர்டு என்பவர் அவருக்கு ஒரு கள்ளத் தபால் வழி அமைத்துத் தந்தார்: நனையாத உறையிலிட்ட கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் வந்துபோயின. கிஃபோர்டு வால்சிங்கத்தின் ஆள்; எப்போதிலிருந்து என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பீர் கொடுத்துவந்த பர்ட்டன் ஊர் வணிகர் மேரியிடமும் காவல் தரப்பிடமும் கூலி பெற்றார். போதாதென்று பீருக்கும் விலை உயர்த்திக் கேட்டார். மேரியின் காவலர் ஏமியஸ் பாலெட்டுக்கு இது பெரும் எரிச்சல்.

சங்கேத எழுத்துகளைத் தாமஸ் ஃபிலிப்ஸ் உடைத்துப் படித்தார். அரக்கு முத்திரை குலையாமல் உறை திறந்து மூடும் வித்தை ஆர்தர் கிரெகரியுடையது. எலிசபெத்தைக் கொல்லும் திட்டத்துக்கு இசைவதாகக் கொள்ளப்பட்ட, 1586 ஜூலை 17 தேதியிட்ட, சதிகாரர் பாபிங்டனுக்கான மேரியின் மறுமொழி கிடைத்ததும் ஃபிலிப்ஸ் அதன் நகலின் மேல் தூக்குமரம் வரைந்தார் என்பர். கொலையாளிகளின் பெயர்களைக் கேட்கும் போலிப் பின்குறிப்பு ஒன்றும் சேர்க்கப்பட்டது. வால்சிங்கம் சதியைக் கண்டுபிடித்தாரா, வளர்த்தெடுத்தாரா என்பது இன்றும் விவாதப் பொருள். அந்தோணி பாபிங்டன் உட்பட 14 பேர் செப்டம்பரில் கொல்லப்பட்டனர். மேரியின் விசாரணையில் மூலக் கடிதம் காட்டப்படவில்லை, நகலே முன்வைக்கப்பட்டது. மேரி 1587 பிப்ரவரி 8 அன்று ஃபோதரிங்கேயில் தலை வெட்டப்பட்டார்.

வால்சிங்கம் 1590இல் கடனாளியாக இறந்தார். அரசியின் மருத்துவர் ரோட்ரிகோ லோபஸ், நஞ்சிட முயன்றதாக 1594இல் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றவாளியா என்பதை ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர்.

பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து உளவு சொன்ன ‘ஃபாகோ’ தத்துவஞானி ஜியோர்டானோ புரூனோவே என்று ஜான் பாசி 1991இல் வாதிட்டார், பலர் ஏற்கவில்லை. பிரான்சின் தேசிய நூலகத்தில் இருந்த மேரியின் சங்கேதக் கடிதங்கள் 50க்கு மேல் படிக்கப்பட்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது.