சிதறிய சான்றுகளும் தாமதித்த முடிவும்: மருத்துவத்தில் முறைசார் மீளாய்வின் தோற்றம்

முன்னோர் எழுதியவற்றைத் திரட்டி எடையிடும் வழக்கம் மருத்துவத்திற்குப் புதிதன்று. ஸ்கர்வி நோய் குறித்து ஜேம்ஸ் லிண்ட் 1753-இல் வெளியிட்ட நூலிலேயே, அந்நோய் பற்றிய முந்தைய எழுத்துகளை ஆராயும் பகுதி உண்டு. எனினும், வினாவை வரையறுத்து, ஆய்வுகளைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்குமான அளவுகோல்களை முன்னரே எழுதிவைத்து, அச்சேறாத ஆய்வுகளையும் தேடும் முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிலைபெற்றது. அதன் தேவையை உணர்த்திய நிகழ்வொன்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் 282 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1972-இல் வெளிவந்தது. குறைமாதப் பேற்றை எதிர்நோக்கிய தாய்க்குப் பீட்டாமெத்தசோன் ஊசி இடின் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பது கருதுகோள். பேறுவலி தானே கண்டோரிடத்து, மருந்தளிக்கப்படாத பிரிவில் 25.8 விழுக்காட்டுச் சிசுக்களுக்கு மூச்சுத்திணறல் நோய் கண்டது. மருந்தளிக்கப்பட்ட பிரிவில் 9.0 விழுக்காடே. பிற நாடுகளிலும் ஆய்வுகள் தொடர்ந்தன. ஆயின் அவற்றுட் பல சிறியவை. முடிவுகள் ஒன்றையொன்று உறுதிசெய்யவில்லை. மருந்து மலிவானதாயிருந்தும் மருத்துவர் பலர் தயங்கினர்.

துறைதோறும் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து, அவ்வப்போது புதுப்பிக்காமையை 1979-இல் ஆர்ச்சி காக்ரேன் கடிந்தார். மகப்பேற்று மருத்துவத்தைக் கடைசி இடத்தில் வைத்தவரும் அவரே. அத்துறையினரே அக்குறையை முதலில் களைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. இயன் சால்மர்ஸ் முதலியோரின் பெருந்தொகுப்பு 1989-இல் வெளிவந்தது; 12 ஆய்வுகளை ஒருங்கிணைத்த கட்டுரை 1990-இல் வந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் கூட்டிய கருத்தொருமை மாநாடு இம்மருந்தைப் பரிந்துரைத்ததோ 1994-இல்தான். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் மாண்ட சிசுக்கள் பல, ஆய்வு இல்லாமையால் அல்ல, இருந்த ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பாராமையால் மாண்டன என்றே கருதுகின்றோம்.

1993-இல் தோன்றிய காக்ரேன் கூட்டமைப்பின் சின்னம் இவ்வரலாற்றையே தாங்கியுள்ளது. அதிலுள்ள கிடைக்கோடுகள் ஏழு ஆய்வுகளைக் குறிப்பன. பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தொடுகின்றன. அதாவது, தனித்தனியே ஐயத்திற்குரியவை. அனைத்தையும் கூட்டிப் பெற்ற சாய்சதுரமோ அக்கோட்டை விட்டு விலகி நிற்கிறது. (நம் ஆய்வேடுகளின் 'முன்னாய்வுகள்' இயல் பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடுவதை இவ்விடத்து நினையாதிருக்க இயலவில்லை.)

கதை அங்கு முடியவில்லை. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், இம்மருந்தைப் பரவலாக வழங்கிய ஊர்களில் பச்சிளஞ்சிசு மரணம் கூடியிருந்தது. மருந்து பெற்ற தாய்மாருள் பலர் நிறைமாதத்தை ஒட்டியே ஈன்றிருந்தனர். ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த மற்றோர் ஆய்வு 2020-இல் நன்மையையே காட்டியது. முன்னைய மீளாய்வுகள் பெரிதும் வசதிமிக்க மருத்துவமனைகளின் தரவைக் கொண்டவை. கருவின் வயதைத் துல்லியமாகக் கணிக்கவும் சிசுவைப் பேணவும் வசதியுள்ள இடங்களிலேயே இம்மருந்தை வழங்குக என 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தது.