தோல் கப்பல் ஏறிச்சு, உப்பு பாலாத்துலயே தங்கிடுச்சு

இன்னிக்கு பிரான்ஸ்ல ஆரம்பிச்சு ஆம்பூருக்கு வரப்போறோம். நெமிலிக்காரனுக்கு பிரான்ஸ்ல என்ன வேலைன்னு கேட்காதீங்க, காரணம் இருக்கு.

அங்கே அல்சாஸ் பகுதியில பொட்டாஷ் சுரங்கங்கள் இருந்தன. உப்புக் கழிவை ரைன் நதியில கொட்டினாங்க. நதி நாடு தாண்டி நெதர்லாந்துக்குப் போகுது. அங்கே பியர் என்பவரின் நாற்றுப்பண்ணை, செடிக்குப் பாய்ச்சுறதே ரைன் தண்ணிதான். ரைன்வாட்டர் என்ற மக்கள் அமைப்போட சேர்ந்து ராட்டர்டாமிலேயே கேஸ் போட்டாங்க. பிரெஞ்சு சுரங்கத்தை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு அந்த நீதிமன்றம் கையை விரிச்சிடுச்சு. விடாம மேல போனாங்க. 1976 நவம்பர் 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: கழிவு கிளம்பின நாட்டிலும் வழக்கு போடலாம், பாதிப்பு நடந்த நாட்டிலும் போடலாம். எங்கேங்கிறது பாதிக்கப்பட்டவர் விருப்பம்.

இப்போ நம்ம பாலாறு. கர்நாடகா, ஆந்திரா வழியா வந்தாலும் அது தாண்டுறது மாநில எல்லைதான். நாட்டு எல்லையைத் தாண்டினது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில பதப்படுத்தின தோல் ஐரோப்பாவில ஷூவாச்சு. கழிவு இங்கேயே நின்னுடுச்சு. 1989-ல ஜெர்மனி, தோல் கெடாம இருக்கப் போடுற பென்டாகுளோரோபீனாலைத் தடை செஞ்சது. ஏற்றுமதி நிக்குமேன்னு நம்ம ஊர்த் தொழில் உடனே மாத்து மருந்து தேடுச்சு. ஷூ போடுற காலுக்கு சட்டம் வந்துடுச்சு. ஷூ செஞ்ச ஊரோட கிணத்துக்கு?

அதுக்கு ஊர்க்காரங்கதான் கிளம்பணும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல நேரா உச்ச நீதிமன்றத்துக்கே மனு போட்டது. வாதாடினவர் எம்.சி. மேத்தா. தோல் பதனிடும் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போச்சுன்னு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டது தீர்ப்பிலேயே இருக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது: அந்நியச் செலாவணி வருதுங்கிறதுக்காகச் சுற்றுச்சூழலை அழிக்க முடியாது, மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும். ஸ்டாக்ஹோம், ரியோ மாநாடுகளையும் அதுக்குத் துணைக்குக் கூப்பிட்டாங்க. ஐந்து மாவட்டத் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். இன்னிக்கு ஒரு ஜோடி நல்ல லெதர் ஷூ விலை, அவ்வளவுதான். ஆனா இழப்பீட்டைக் கணக்குப் போட தனி ஆணையமும் அமைக்கச் சொன்னாங்க. என்னைக் கேட்டா தீர்ப்போட உயிரே அங்கேதான். அந்த ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டவங்களைப் பாதிக்கப்பட்டவங்கன்னு கண்டறிஞ்சது.

என்ஜினியர் புத்தி, இதையும் சொல்லிடறேன். குரோமியத்தை ரசாயனம் போட்டு அடியில படிய வெச்சுப் பிரிச்சிடலாம். உப்பு அப்படி இல்லை. பச்சைத்தோல் அழுகாம இருக்கப் போட்ட உப்பு, வழக்கமான சுத்திகரிப்பில நழுவிடும். சவ்வுல வடிகட்டினாலும் தண்ணிதான் சுத்தமாகும், உப்பு கைவசம் மலையா நிக்கும். பியரோட செடியைக் கெடுத்ததும் உப்புதானே.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டிருக்கு: பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துல அரசு கொடுத்துட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூலிக்கணும். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில குழுவும் கண்காணிக்கணும். முதல் மனு போட்ட வருஷம் பிறந்த குழந்தைக்கு அந்த வருஷத்தோட வயசு 34 நிறையும்.