சேலம் சிறையிலிருந்து செல்போன் வரை

1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். இந்தியா குடியரசாகி அப்போது 16 நாட்கள்தான் ஆகியிருந்தன!

பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் அரசைக் கடுமையாக விமர்சித்து வந்தது. மார்ச் 1-ஆம் தேதி சென்னை அரசு அந்த இதழை மாநிலத்துக்குள் வரவே கூடாது என்று தடை செய்தது. உத்தரவு அரசிதழிலும் வெளியானது.

ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-ல் தீர்ப்பு வந்தது. நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால்தான் பேச்சுரிமையைத் தடுக்கலாம், 'பொது ஒழுங்கு' என்ற காரணம் போதாது என்று சொல்லி நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் முன்பு சென்னையில் வக்கீலாக இருந்த பதஞ்சலி சாஸ்திரி. ஆனால் அரசு சும்மா இருக்கவில்லை. 1951-ல் முதல் திருத்தம் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' என்பதையும் அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டது.

பிறகு இணையம் வந்தது. 2012-ல் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக புதுச்சேரித் தொழிலதிபர் ஒருவர் 66ஏ பிரிவில் கைதானார். அந்தப் பிரிவை எதிர்த்து வழக்குப் போட்ட ஸ்ரேயா சிங்காலுக்கு அப்போது வயது 21. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் 66ஏ-யை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பிலும் தாப்பர் வழக்கு எடுத்துக்காட்டப்பட்டது.

இத்துடன் பிரச்சினை முடிந்ததா? இல்லை. தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்யும் ஒருவர் தன் சிலையின் படத்தை ஃபேஸ்புக்கில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆபாசம் என்று நினைத்து கணினி நீக்கிவிட்டால் அவர் யாரிடம் போவார்? பேச்சுரிமை பொதுவாக அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் நிறுவனத்தை அல்ல. 2021 விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் காரணம் சொல்ல வேண்டும். 2022 திருத்தத்தின்படி மத்திய அரசு அமைத்த குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அரசே 69ஏ பிரிவில் ஒரு பதிவை முடக்கச் சொன்னால், அந்த உத்தரவை ரகசியமாக வைக்க 2009 விதிகள் வழி செய்கின்றன.

வதந்தியும் வெறுப்புப் பேச்சும் உயிரைக்கூட வாங்கும், எனவே நீக்க வேண்டியதை நீக்கத்தான் வேண்டும். ஆனால் தாப்பர் ஜெயித்ததற்கு முதல் காரணம், தடை உத்தரவு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. யார் தடுத்தார், எந்தச் சட்டப்படி தடுத்தார் என்று தெரிந்தால்தானே எதிர்த்து வாதாட முடியும்? 1950-ல் ஒரு பத்திரிகைக்குக் கிடைத்த அந்த வசதி இன்று ஒவ்வொரு செல்போனுக்கும் கிடைக்க வேண்டும்.