மந்தணம்

அரசுக் கோப்பின் மேலுறையில் சிவப்பு மையில் விழும் முத்திரை: 'மந்தணம்'. இரகசியம் என்று பொருள். 'மந்த்ரண' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் இது. மூலத்தில் கலந்தாலோசித்தல் என்றே பொருள். மந்திரியும் மந்திராலோசனையும் இதற்கு உறவு. ஆலோசனை கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது. இரகசியம் என்ற பொருள் அப்படி ஏறியிருக்கும்.

ஊழியரைப் பற்றி மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதுவது மந்தண அறிக்கை, பேச்சில் 'சி.ஆர்.' மத்திய அரசில் முன்பு பாதகமான குறிப்பை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். எல்லைச் சாலைப் பொறியாளர் தேவ் தத்துக்கு 1993-94இல் கிடைத்தது 'நன்று'. திட்டு இல்லையே, எதற்குச் சொல்வது? ஆனால் பதவி உயர்வுக்குத் தேவை 'மிக நன்று'. பாராட்டே காலை வாரியது. எந்தக் குறிப்பானாலும் உரியவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2008இல் அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயம்தான், யாரைப் பற்றியதோ அவரே படிக்காத மதிப்பீட்டால் யார் திருந்துவது?

2009இல் மத்திய அரசு பெயரையே மாற்றி, 'ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை' என்றது. முழு அறிக்கையையும் ஊழியர் பார்க்கலாம். 15 நாளுக்குள் முறையிடலாம். 'மந்தணம்' பெயரிலிருந்து போயிற்று. அலுவலகப் பேச்சில் 'சி.ஆர்.' மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.