பொதிகைச் சிகரத்தில் பாரமானி

குற்றாலச் சாரலில் நனைந்தவர்கள் அதைப் புகழ்ந்து ஓய்வதில்லை. தென்காசிக் கடைத்தெருவில் நிற்பவன் முகத்திலும் ஆனி ஆடிக் காற்று இரண்டு துளி தெளித்துவிட்டுத்தான் போகிறது. ஆனால் நமக்குக் கிடைப்பது மிச்சம்தான். தென்மேற்குப் பருவக் காற்று தன் மூட்டையை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, மீந்ததை இந்தப் பக்கம் உதறுகிறது. அந்த மூட்டை அவிழும் இடத்துக்கே போய் உட்கார்ந்து, மணிக்கு மணி கணக்கெழுதியவர்களும் இருந்தார்கள்.

குற்றாலத்துக்குத் தெற்கே, இதே மலைத் தொடரில், ஆறாயிரம் அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது அகத்தியர் மலை. 1855-ல் அதன் சிகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஏற்படுத்தியவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1852 முதல் திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் வானாராய்ச்சி நிலையத் தலைவர். நம் செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்ச் சீமைதான். 1956-ல்தான் அது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது.

காட்டை வெட்டி, யானைகள் நடமாடும் வழியில் கருவிகளைச் சுமந்து, அங்கே போவானேன்? பாரமானி என்பது காற்றை நிறுக்கும் தராசு. நம் நாட்டில் அதன் பாதரசம் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஏறும். நான்கு மணிகளில் இறங்கும். கடற்கரையில் 30 அங்குலம் நிற்பது, சிகரத்தில் 24 அங்குலத்துக்கு வந்துவிடும். மேலேயும் அதே ஒழுங்குதானா? காந்த ஊசியின் அசைவும் உயரத்தில் மாறுமா? அறிய ஒரே வழிதான்: ஒரே நேரத்தில் கீழே ஒருவர், மேலே ஒருவர் பார்த்து எழுத வேண்டும்.

எழுதியவர்கள் பிரௌன் பழக்கிய நம் நாட்டு உதவியாளர்கள். மேகம் வீட்டுக்குள் நுழையும் இடம். தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேகத் தாமதமாகும். நடுநிசியில் போர்வையை உதறி எழுந்து, விளக்கைப் பிடித்து, அளவைப் படித்தாக வேண்டும். தூங்கிவிட்டு விடிந்தபின் ஏதோ ஓர் எண்ணை எழுதி வைத்தால் யார் கண்டது? ஆனால் அந்த ஒரு பொய், கீழே கண்விழித்தவனின் உழைப்பையும் சேர்த்துப் பாழாக்கிவிடும்.

நிலையம் இடையில் சிதைந்து, 1863-ல் மீண்டும் எழுந்தது. 1865-ல் பிரௌன் ஊர் திரும்பினார். அந்தக் காந்தக் கணக்குகள் 1874-ல் லண்டனில் பெரிய நூலாயின. பூமியின் காந்த வலிமை நாளுக்கு நாள் மாறுவது உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே என்று கண்டவர் அவர். 1878-ல் ராயல் சொஸைட்டி அவருக்குப் பதக்கம் வழங்கியது. மறு ஆண்டு காலமானார்.

வடக்கே தாழ்ந்த பூமியைச் சமன்செய்ய அகத்தியர் பொதிகைக்கு வந்தார் என்பது நம் கதை. அதே சிகரத்தில் காற்றின் பாரத்தை அளக்க விழித்திருந்தவர்கள் கதையை நாம் யாருக்கும் சொல்லவில்லை. குறுமுனியின் பெயரை நினைத்திருக்கும் ஊர், குளிரில் விளக்கேந்தி நின்ற அந்த உதவியாளர்களை மறந்துவிட்டது. அவர்கள் செய்ததும் தவம்தான். வரம் கேட்காத தவம்.