ஆறு மஞ்சள் குழிகளும் மூணு மாசக் காத்திருப்பும்

எச்.ஐ.வி. டெஸ்ட் ‘நெகட்டிவ்’னு வந்தா, அதை எப்போ நம்பலாம்? ரெண்டு நாள்லயே ஓடிப்போய் டெஸ்ட் எடுத்து நிம்மதியாகுறவங்களும் இருக்காங்க, ஆறு மாசம் ஆகியும் நம்பாம திரும்பத் திரும்ப எடுக்குறவங்களும் இருக்காங்க. இந்த ரெண்டு தவிப்புக்கும் பதில் சொல்ல, நாம 1986-க்குப் போகணும்.

அமெரிக்காவுல எலைசா பரிசோதனைக்கு அனுமதி கிடைச்சதே 1985 மார்ச்சுலதான். எய்ட்ஸ் வெளிநாட்டு நோய்னு இங்க பலர் நம்பிக்கிட்டிருந்த நேரம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் படிச்சுக்கிட்டிருந்த 32 வயசு செல்லப்பன் நிர்மலாவுக்கு, அவரோட பேராசிரியர் சுனிதி சாலமன் ஓர் ஆய்வு கொடுத்தார்: சென்னையில இந்த வைரஸ் இருக்கா? நிர்மலா பாலியல் தொழிலாளிகள்கிட்ட 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரிச்சார். சென்னையில அப்போ எச்.ஐ.வி. பரிசோதனை வசதி கிடையாது. 1986 பிப்ரவரியில, மாதிரிகளை ஐஸ் பெட்டியில வெச்சு, கணவரோட ராத்திரி ரயில் ஏறி காட்பாடி, அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜானோட ஆய்வகத்துல தட்டைத் திறந்து பார்த்தா, ஆறு குழிகள் மஞ்சளா மாறியிருந்தது.

அடுத்து அவங்க செஞ்சதுதான் முக்கியம். உடனே அறிவிக்கல. அந்த ஆறு பேர்கிட்ட மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ‘வெஸ்டர்ன் பிளாட்’ங்குற வேற வகைப் பரிசோதனையில உறுதி பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் சட்டமன்றத்துல அமைச்சர் ஹண்டே அறிவிச்சார். இன்னைக்கும் அதே தர்க்கம்தான்: அரசு மையத்துல ஒருத்தருக்குப் பாசிட்டிவ்னு சொல்றதுக்கு முன்னாடி, மூணு வெவ்வேறு வகைப் பரிசோதனை ஒத்துப்போகணும்.

அப்போ ‘நெகட்டிவ்’? அதுக்கு நம்ம டெல்டா பாஷையில ஒரு உதாரணம். மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல திறப்பாங்க. தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரிஞ்சு, நாகப்பட்டினம் பக்கம் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள். ஜூன் 14-ல கடைமடை வாய்க்கால் காஞ்சு கிடக்குதுன்னு, அணை திறக்கலைன்னு யாராவது சொல்லுவாங்களா?

உடம்புலயும் இப்படித்தான். வைரஸ் நுழைஞ்ச முதல் பத்து நாள் அளவுக்கு எந்தப் பரிசோதனையிலயும் தெரியாது. அப்புறம் வைரஸோட மரபணுவைத் தேடுற என்.ஏ.டி. பரிசோதனை 10-லிருந்து 33 நாளுக்குள்ள கண்டுபிடிக்கும். வைரஸோட பி24 புரதத்தையும், அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடுற நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு, ஆய்வகத்துல நரம்பு ரத்தத்துல செஞ்சா 18-லிருந்து 45 நாள். ஆன்டிபாடியை மட்டும் தேடுற ரேபிட் டெஸ்டுக்கு 23-லிருந்து 90 நாள். மூணு மாசக் கணக்கு இங்கிருந்துதான் வருது. இந்த இடைவெளிக்குப் பேர்தான் விண்டோ பீரியட். அதுக்குள்ள வர்ற நெகட்டிவ் பொய்யில்லை. ஆனா முடிவும் இல்லை. அது முடிஞ்சப்புறம், இடையில புதுசா எதுவும் நடக்காத பட்சத்துல, வர்ற நெகட்டிவ் நம்பத்தக்கது. அதுக்கு மேலயும் எடுத்துக்கிட்டே இருக்க வேண்டியதில்லை.

பரிசோதனை சரியா இருந்தும் மனுஷங்க தவறவிட்ட கதையும் நம்ம மாநிலத்துல உண்டு. 2018 டிசம்பர், சாத்தூர். ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏத்தப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருக்குறது 2016-ல அவர் ரத்தம் கொடுத்தப்பவே தெரிஞ்சிருக்கு, ஆனா அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரல. பின்னாடி அவர் உயிரை மாய்ச்சுக்கிட்டார். ஒரு ரிசல்ட் உரிய ஆள்கிட்ட, உரிய ஆலோசனையோட போய்ச் சேர்ந்தாத்தான் அது பரிசோதனை.

இன்னொண்ணு. 1986-ல ரத்தம் கொடுத்த பெண்களுக்கு, அது எந்த நோய்க்கான பரிசோதனைன்னு சொல்லப்படல. இன்னைக்குச் சட்டம் வேற. 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, உங்க சம்மதம் இல்லாம பரிசோதிக்கக் கூடாது, ரிசல்ட்டை வெளியில சொல்லவும் கூடாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி அரசு மருத்துவமனைகள்ல இருக்குற நம்பிக்கை மையத்துல பரிசோதனை இலவசம். ஊர்ல தெரிஞ்ச முகம் இருக்குமேன்னு கூச்சமா இருந்தா, பக்கத்து ஊர் மையத்துக்குப் போகலாம், தப்பில்லை.

கடைசியா, காத்திருக்கக் கூடாத ஒரு விஷயம். ஆபத்தான தொடர்புன்னு தோணுனா, 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பாருங்க. தேவைன்னா 28 நாள் தடுப்பு மருந்து தருவாங்க. எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு நல்லது. மருந்து எடுத்தா, எப்போ பரிசோதிக்கணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. சந்தேகம்னா 1097-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் கிடையாது. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.