தோன்றா எழுவாய்

ஆங்கிலேயர் காலத்தில் பூந்தமல்லி ஒரு படைமுகாம். சென்னையில் நோயில் விழுந்து, உயிர் பிழைத்து, ஆனால் இன்னும் துப்பாக்கி தூக்கத் தெம்பில்லாத ஐரோப்பியச் சிப்பாய்களை உடம்பு தேறுவதற்கென்று அங்கே அனுப்பிவைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு எழுந்தவன் அன்றைக்கே பழைய ஆளாகிவிடுவதில்லை, நடுவில் அவனுக்கு ஓர் இடமும் கொஞ்சம் காலமும் வேண்டும் என்பது அந்த அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. சிப்பாயின் உடம்பு அதன் முதலீடு. அதே பூந்தமல்லியில் அதே காலத்தில் வாழ்ந்த ஒரு கிழவி காய்ச்சலிலிருந்து எங்கே தேறினாள், யார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள் என்பதை எந்தக் கெசட்டியரும் எழுதி வைக்கவில்லை.

முதியவர்களுக்கும் அந்த நடுக்கட்டம் உண்டென்று மருத்துவ உலகை ஏற்கவைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மார்ஜரி வாரன். 1935இல் பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் 714 நோயாளிகள் அந்த மருத்துவமனையின் பொறுப்புக்கு வந்தார்கள். வருடக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்கள் அவர்களில் பலர். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எழுப்பி உட்காரவைத்தார், நிற்கவும் நடக்கவும் பழக்கினார். கணிசமானோர் வீடு திரும்பினார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர்களுக்கு அதுவரை யாரும் எதுவும் செய்துபார்க்கவில்லை என்பது அப்போது தெரியவந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி அந்த நாட்டின் பொது மருத்துவச் சேவை இந்தக் கட்டத்துக்கு ‘இடைநிலைப் பராமரிப்பு’ என்று பெயரிட்டது. பொதுவாக ஆறு வாரம்வரை, தங்குமிடத்திலோ வீட்டிலோ, குளிக்கவும் நடக்கவும் மறுபடி பழக்கிவிடும் சேவை அது.

இங்கே வருவோம். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. வேலை தேடி வந்த இளைஞர்கள் திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அவர்களும் அவர்கள் மனைவிமாரும் இன்று எண்பதைத் தொட்டவர்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை செய்ய மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. காப்பீட்டு அட்டையும் இருக்கலாம். சில நாளில் டிஸ்சார்ஜ்.

அந்த டிஸ்சார்ஜ் சீட்டை நான் தமிழாசிரியையாகத்தான் வாசிக்கிறேன். ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும். வாக்கர் பிடித்து நடக்கவைக்கவும். புண்ணைச் சுத்தமாக வைத்திருக்கவும்.’ இப்படித்தான் இருக்கும். யார் புரட்ட வேண்டும்? இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் யார்? வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லாமலே விளங்கும் என்பதால் எழுவாய் மறைந்து நிற்கிறது. சீட்டை வாங்கிக்கொள்ளும் மகனுக்கும் விளங்குகிறது, எழுதிக்கொடுத்த டாக்டருக்கும் விளங்குகிறது. மருமகளுக்கோ மகளுக்கோ மனைவிக்கோ அதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

சட்டமும் அதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று அது வரையறுத்தது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைப் பிள்ளைகள் என்றது. உணவை ஊட்டுகிறவளும் உடையை மாற்றுகிறவளுமான மருமகள் அதில் இல்லை. 2019இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் பிள்ளைகள் பட்டியலில் சேர்க்க முன்வந்தது, அதாவது கடமைப்பட்டவர்களின் பட்டியலில். அவளுக்கு விடுப்பு, கூலி, ஓய்வு எதைப் பற்றியும் பேச்சில்லை. தொழிற்பேட்டையில் தையல் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அவளுக்கே நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மாமியாரின் இடுப்பெலும்புக்கு அது பொருந்தாது. அவள் வேலையை விட்டு நிற்பாள்; தானே நின்றுவிட்டதாகக் கணக்கில் எழுதப்படும்.

2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டதாகச் சொல்கிறது. சமையலும் துவைப்பதும் இதில் சேராது. அவை தனிக் கணக்கு. அதில் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97.

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அல்ல. 1978லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் கிண்டி என்பது பட்டாபிராமிலிருந்து ஒருமுறை ஆட்டோ பிடித்து நோயாளியைக் கொண்டுபோய்ப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிகிற தூரம். வீட்டு வாசல்வரை வந்தது 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. மனமாரப் பாராட்ட வேண்டிய திட்டம். இதைத் தெருத்தெருவாகக் கொண்டுசெல்கிறவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்குப் பெயர் ‘பெண் சுகாதாரத் தன்னார்வலர்’. தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. இயன்முறை சிகிச்சையாளர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பிறகு, அடுத்த முறை அவர் வரும்வரை அந்தக் காலை மடக்கி நீட்டுவது மறுபடி வீட்டுப் பெண். வசதி உள்ள வீடுகளில் ஏஜென்சி மூலம் ஓர் அட்டெண்டர் வருவாள், பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு. பெரும்பாலும் வேறொரு மாவட்டத்திலிருந்து, தன் அம்மாவைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றிலும் அரசுப் பொறுப்பில் இருபது இருபது படுக்கை கொண்ட தேறுதல் இல்லம் ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசையா? ஆறு வாரம், நடக்கப் பழக்க ஆள், இரவில் புரட்டிப் படுக்கவைக்கச் சம்பளம் வாங்குகிற, பி.எஃப். உள்ள ஊழியர், ஆணும் பெண்ணுமாக. வீட்டிலேயே வைத்துப் பார்க்க விரும்புகிறவளுக்கு அதே ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு. ஐரோப்பியச் சிப்பாய்க்குப் பூந்தமல்லியில் இதில் பாதி கிடைத்திருக்கிறது.